தொடக்கநிலை சைக்கோசிஸில் மூச்சுவழி பயோஃபீட்பேக்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

உங்கள் தம்பிக்கு 21 வயது என்றும், முதன்முறையாக சைக்கோசிஸ் (உண்மைக்கும் பிரமைக்கும் இடையிலான வேறுபாடு மங்கி, இல்லாத குரல்கள் கேட்பதும் ஆதாரமற்ற சந்தேகங்கள் எழுவதுமான மனநிலை) வந்து 4 மாதங்கள் ஆகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். மருந்து தொடங்கிய பிறகு காதில் கேட்கும் குரல்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன, ஆனால் முற்றாக நிற்கவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பினாலே நெஞ்சு படபடத்து, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் மேலோங்கி, பாதி வழியில் திரும்பிவிடுகிறார். சிகிச்சைக் குழுவிலுள்ள உளவியலாளர் மூச்சுவழி பயோஃபீட்பேக்கை, அதாவது தன் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடியே மூச்சை மெதுவாக்கப் பழகும் பயிற்சியை, பரிந்துரைத்திருக்கிறார். அது உண்மையிலேயே பலன் தருமா, அதனால் மருந்தைக் குறைக்க முடியுமா, கைக்கடிகாரத்தையும் கைபேசிச் செயலியையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்யலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படபடப்பைத் தணிக்கவும், அது தணியும் என்ற நம்பிக்கையை அவருக்குள் வளர்க்கவும் இந்தப் பயிற்சி உதவக்கூடும். குரல்களையோ சந்தேக எண்ணங்களையோ நேரடியாக நீக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மருந்தைக் குறைப்பதற்கான காரணமாக இதை ஒருபோதும் கொள்ளக் கூடாது. வீட்டில் செய்யலாம், ஆனால் பயிற்சி உங்கள் தம்பியின் கையில் இருக்க வேண்டும், குடும்பத்தாரின் கையில் இருக்கக் கூடாது. இந்தக் கடைசிக் கருத்துதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்று கருதுகிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்தப் பதிலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நம் இதயம் கடிகாரத்தின் முள்ளைப் போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகிறது, வெளியே விடும்போது மெதுவாகிறது. கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் 1847-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார். மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு துடிப்பை அடக்கி வைக்கும் நரம்பு; உள்மூச்சின்போது அதன் பிடி தளர்கிறது, வெளிமூச்சின்போது மீண்டும் இறுகுகிறது. அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலுள்ள நேரம் இவ்வாறு கூடிக் குறைவதையே இதயத் துடிப்பு மாறுபாடு என்கிறோம். ஓய்வாக இருக்கும் ஓர் இளைஞரிடம் இந்த மாறுபாடு தாராளமாக இருப்பது, உடல் நிலைமைக்கு ஏற்ப வேகமெடுக்கவும் அடங்கவும் ஆயத்தமாக இருப்பதன் அறிகுறி. அச்சமும் நெருக்கடியும் நீடிக்கும்போது அது சுருங்குகிறது.

பெரியவர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதைச் சுமார் 6 முறையாகக் குறைத்தால் ஒரு விசேஷம் நிகழ்கிறது. கழுத்திலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் இரத்த அழுத்தத்தை உணரும் நுண்ணிய ஏற்பிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் துடிப்பைக் குறைக்கச் சொல்லியும், இறங்கினால் கூட்டச் சொல்லியும் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. துடிப்பு மாறி, அதன் விளைவு அழுத்தத்தில் தெரியச் சுமார் 5 விநாடிகள் ஆகின்றன. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த முழுச் சுற்றுக்கு 10 விநாடிகள். மூச்சும் அதே 10 விநாடித் தாளத்துக்கு வரும்போது, ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு விசையிலேயே அது உயர உயரப் போவதைப் போல, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பல மடங்கு பெரிதாகிறது. சோவியத் ஒன்றியத்தில் விண்வெளி வீரர்களிடம் இதை ஆராய்ந்த யெவ்கெனி வாஷில்லோவும், அமெரிக்காவில் அவரோடு சேர்ந்து பணியாற்றிய பால் லேரரும் 2000-ஆம் ஆண்டில் இதற்கான பயிற்சி முறையை வகுத்து வெளியிட்டார்கள். உலகின் பல இடங்களில் இன்று கற்பிக்கப்படுவது பெரும்பாலும் அந்த முறையோ அதன் சுருக்கமோதான்.

பயிற்சி அறையில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்த்தால் பயம் பாதி போய்விடும். விரல் நுனியிலோ காது மடலிலோ ஒரு சிறு கவ்வியைப் பொருத்துவார்கள். அதிலுள்ள ஒளி, தோலுக்கு அடியில் இரத்தம் ஓடும் அலையைப் படிக்கிறது. சில இடங்களில் மார்புப் பட்டை இருக்கும், வயிற்றைச் சுற்றி மூச்சின் அசைவை அறியும் இன்னொரு பட்டையும் இருக்கும். திரையில் இரண்டு கோடுகள் ஓடுகின்றன: ஒன்று மூச்சு, மற்றது இதயத் துடிப்பு. தொடக்கத்தில் துடிப்புக் கோடு ஒழுங்கின்றி நறுக்கு நறுக்காகத் தெரியும். பயிற்றுநர் நிமிடத்துக்கு ஆறரை, 6, ஐந்தரை, 5, நாலரை என்று ஒவ்வொரு வேகத்திலும் இரண்டிரண்டு நிமிடம் மூச்சு விடச் சொல்லி, எந்த வேகத்தில் அலை மிக உயரமாகவும் வழவழப்பாகவும் எழுகிறது என்று பார்ப்பார். உயரமானவர்களுக்கு அந்த வேகம் பொதுவாகச் சற்றுக் குறைவாக அமையும். சரியான வேகம் அமைந்ததும் இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கத் தொடங்கும். துடிப்பு 68-க்கும் 80-க்கும் இடையில் நிதானமாகப் போய்வரும். அதைப் பார்க்கும் ஒருவருக்குத் தன் உடலில் தானே ஒன்றைச் செய்ய முடிந்தது என்பது யாரும் எடுத்துச் சொல்லாமலேயே விளங்கிவிடுகிறது.

சைக்கோசிஸ் வந்தவர்களுக்கு இது ஏன் பொருந்தலாம் என்று கருதுகிறோம்? ஜோசப் ஸூபினும் போனி ஸ்பிரிங்கும் 1977-இல் முன்வைத்த கருத்து ஒன்று இன்றும் இந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்றாக இருக்கிறது: நோய்க்கு ஆளாகும் தன்மை ஒருவரிடம் ஓரளவு இருக்கையில், வாழ்க்கை நெருக்கடி அதன்மேல் ஏறும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. அன்றாடச் சிறு நெருக்கடிகளுக்குக்கூட இவர்களுடைய மனமும் உடலும் மற்றவர்களைவிடக் கூடுதலாக எதிர்வினை காட்டுவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சைக்கோசிஸ் நீடிக்கும் மனநோயான ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்களிடம் ஓய்வு நிலையிலேயே வேகஸ் நரம்பின் செயல்பாடு குறைந்திருப்பதும் பல ஆய்வுகளில் தொடர்ந்து தெரியவந்திருக்கிறது. மருந்தின் விளைவாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மருந்து இன்னும் தொடங்காதவர்களிடமும் இந்தக் குறைவு காணப்பட்டிருக்கிறது.

உங்கள் தம்பிக்கு நேர்வதை இந்த அறிவோடு சேர்த்துப் பாருங்கள். தெருவில் இறங்குகிறார், இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. உடல் ஆபத்து என்று சொல்லும்போது மனம் அந்த ஆபத்து எங்கே என்று தேடுகிறது. எதிரே வரும் ஒருவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால் போதும், தேடியது கிடைத்துவிட்டதாக மனம் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவு மேலும் படபடப்பை உண்டாக்குகிறது, அந்தப் படபடப்பே முடிவுக்குச் சான்றாகிவிடுகிறது. இந்தச் சுழலில் சிந்தனையின் பக்கம் நுழைவது கடினம். யாரும் உன்னைப் பார்க்கவில்லை என்று வாதாடி எவரும் வென்றதாக நான் அறியேன். உடலின் பக்கம் ஒரு சிறு வாசல் இருக்கிறது. படபடப்பு ஓரளவு தணிந்தால், அந்த எண்ணம் வந்தாலும் அதன் பிடி தளர்கிறது. இன்னும் பத்தடி நடக்க முடிகிறது. மூச்சுப் பயிற்சியிடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் ஓர் இளைஞருக்கு அந்தப் பத்தடி பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரியும்.

சான்றுகள் எவ்வளவு உறுதியானவை என்பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். மன அழுத்தம், பதற்றம் ஆகியவற்றுக்கு இந்தப் பயிற்சி தரும் பலனை 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 24 ஆய்வுகளிலிருந்து, மொத்தம் 484 பேரின் தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டு, குறிப்பிடத்தக்க அளவு பெரிய பலன் இருப்பதாகக் கண்டது. 24 ஆய்வுகளுக்கு 484 பேர் என்றால் ஒவ்வோர் ஆய்வும் சிறியது என்பதைக் கவனியுங்கள். சிறிய ஆய்வுகள் பலனை மிகையாகக் காட்டும் போக்கு உடையவை. தொடக்கநிலை சைக்கோசிஸுக்கு வரும்போது சான்று இன்னும் மெலிதாகிறது. இவர்களால் இதைக் கற்றுக்கொள்ள முடிகிறதா, தொடர்ந்து செய்கிறார்களா, தீங்கு ஏதும் நேர்கிறதா என்று அறியும் சிறு ஆய்வுகளே பெரும்பாலும் நடந்துள்ளன. ஆகவே உளவியலாளர் இதை ஒரு துணையாக, முயன்று பார்க்கத்தக்கதாகப் பரிந்துரைத்திருந்தால் அவர் சரியாகவே செய்திருக்கிறார். இதுவே நோயைக் குணப்படுத்தும் என்று எவரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

இனி மருந்து. முதல் சைக்கோசிஸிலிருந்து மீண்ட 104 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 5 ஆண்டுகளுக்குள் சுமார் 82 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அது திரும்பும் அபாயம் ஏறக்குறைய 5 மடங்காக இருந்தது. எல்லோரும் வாழ்நாள் முழுவதும் அதே அளவு மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளாகாது. யாருக்கு, எப்போது, எவ்வளவு மெதுவாகக் குறைக்கலாம் என்பது மனநல மருத்துவர்கள் தீவிரமாக விவாதித்துவரும் கேள்வி. அது மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து, நெருங்கிய கண்காணிப்போடு எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவில் மூச்சுப் பயிற்சியின் திரைக்கோட்டுக்கு இடமே இல்லை. கோடு அழகாக வருகிறது, ஆகவே மாத்திரை வேண்டாம் என்ற எண்ணம் உங்கள் தம்பிக்கு இயல்பாகவே தோன்றலாம். அந்தப் பேச்சை அவர் எடுத்தால் அதட்டி அடக்காமல், அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் அவரே கேட்பதற்கு வழி செய்து கொடுங்கள்.

மருந்துக்கும் இந்தப் பயிற்சிக்கும் வேறொரு உறவும் இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. சில மருந்துகள் வேகஸ் நரம்பு இதயத்துக்குச் சொல்லும் செய்தியையே இடைமறிக்கின்றன. சைக்கோசிஸுக்குத் தரப்படும் க்ளோசபின் அவற்றில் முதன்மையானது. கை நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்றவையும் அந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றை உட்கொள்ளும் ஒருவருடைய துடிப்பு மாறுபாட்டு எண் குறைவாகத்தான் வரும். அவர் எவ்வளவு நன்றாக மூச்சு விட்டாலும் பாடநூல் அலை எழாது. இது தெரியாமல் அவரை இன்னும் முயற்சி செய், சரியாகச் செய் என்று விரட்டினால், தோல்வி என்ற உணர்வைத்தான் கற்றுக்கொள்வார். பயிற்சி தொடங்கும் முன் உங்கள் தம்பியின் மருந்துப் பட்டியல் முழுவதையும் உளவியலாளரிடம் காட்டிவிடுங்கள்.

அதேபோல் அகதீசியா. மனநோய் மருந்துகள் சிலவற்றால் வரும் ஒரு பக்கவிளைவு இது: உட்கார முடியாது, நிற்க முடியாது, கால்கள் ஓரிடத்தில் நில்லாமல் நடந்துகொண்டே இருக்கத் தோன்றும், உள்ளுக்குள் பொறுக்க முடியாத தவிப்பு இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பதற்றமாகவே தெரியும். அத்தகையவரை நாற்காலியில் அமரவைத்து மெதுவாக மூச்சு விடச் சொல்வது கொடுமை. மருந்தின் அளவை மாற்றியோ வேறு மருந்து கொடுத்தோ சரிசெய்ய வேண்டிய விஷயம் அது. உங்கள் தம்பி பயிற்சியின்போது ஓயாமல் காலை ஆட்டுகிறார், இரண்டு நிமிடம்கூட அமர முடியவில்லை என்றால், ஆர்வமில்லை என்று எண்ணிவிடாமல் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். க்ளோசபின் தொடங்கிய முதல் சில வாரங்களில் இதயத் துடிப்பு ஓய்விலும் வேகமாக இருந்து, அதோடு காய்ச்சலோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் இதயத்தசை அழற்சியா என்று உடனே பரிசோதிக்க வேண்டும். அந்த நிலையில் மூச்சுப் பயிற்சி செய்து துடிப்பைக் குறைக்கப் பார்ப்பது ஆபத்தான தாமதம்.

பயிற்சியே தரக்கூடிய தொல்லைகளும் உண்டு. அவற்றில் அடிக்கடி நேர்வது, மெதுவாக மூச்சு விடு என்பதை ஆழமாக இழுத்து விடு என்று புரிந்துகொள்வது. ஒவ்வொரு மூச்சையும் மார்பு நிறைய இழுத்தால், எண்ணிக்கை குறைந்தும் மொத்தக் காற்று கூடிவிடுகிறது, இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது, தலை சுற்றுகிறது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, சுற்றியிருப்பவை எல்லாம் உண்மையற்றவை, கனவு போன்றவை என்ற உணர்வு வருகிறது. வேறு எவருக்கோ இது ஒரு நிமிட அசௌகரியம். அண்மையில்தான் உண்மைக்கும் பிரமைக்கும் இடையில் தத்தளித்து வந்தவருக்கு, நோய் திரும்பிவிட்டதோ என்ற பீதியை இதுவே கிளப்பிவிடும். ஆகவே அவருக்கு முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்: மூச்சு சின்னதாக இருக்கட்டும், மூக்கு வழியே இருக்கட்டும், வயிறு மெல்ல எழுந்தால் போதும், நடுவில் அடக்கி வைக்க வேண்டாம். உள்ளே 4 விநாடி, வெளியே 6 விநாடி என்பது பெரும்பாலானோருக்கு இதமான அளவு. அதுகூடத் திணறலாக இருந்தால் உள்ளே 3, வெளியே 4 என்று தொடங்கிச் சில வாரங்களில் மெல்ல நீட்டலாம். வேகமாக மூச்சை இறைக்கும் பயிற்சிகளும், நீண்ட நேரம் மூச்சை அடக்கும் பயிற்சிகளும் இந்த நிலையில் இருப்பவருக்கு ஏற்றவையல்ல என்பது என் உறுதியான கருத்து.

கண்ணை மூடி உள்ளே கவனி என்று சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். அமைதியான அறையில், மூடிய கண்களுக்குள், கவனம் முழுவதும் உள்நோக்கித் திரும்பும்போது சிலருக்குக் குரல்கள் உரக்கக் கேட்கின்றன. உடலைப் பற்றிய விபரீத நம்பிக்கைகள் உள்ளவருக்கு, உடலின் ஒவ்வோர் அசைவையும் உற்றுக் கவனிப்பது எரியும் நெருப்பில் எண்ணெயாகிவிடும். தியானத்தை சைக்கோசிஸ் உள்ளவர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்த பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சாட்விக், அமர்வைச் சுமார் 10 நிமிடங்களோடு நிறுத்தி, நீண்ட மௌனங்களைத் தவிர்த்து, இடையிடையே பேசி வழிநடத்தும் முறையைக் கையாண்டது இதனால்தான். பயோஃபீட்பேக்குக்கு இங்கே ஓர் இயல்பான அனுகூலம் இருக்கிறது: கண் திறந்திருக்கிறது, கவனம் வெளியே ஒரு கோட்டின்மீது நிற்கிறது, கால்கள் தரையில் ஊன்றியிருக்கின்றன. வெறும் மூச்சுத் தியானத்தைவிட இவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுவே. லேரரின் மூல முறையில் வீட்டுப் பயிற்சி நாளுக்கு இருமுறை 20 நிமிடம். தொடக்கநிலை சைக்கோசிஸில் அது அதிகம். மூன்று, நான்கு நிமிடத்தில் தொடங்கி, அவர் இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று தாமே கேட்கும்போது கூட்டுவது நல்லது.

கருவியைப் பற்றிய அச்சம் தனி விஷயம். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள், தன் எண்ணங்களை வெளியே எடுக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து மெல்ல மீண்டு வருபவரிடம், உடலில் ஒட்டும் ஒரு கருவியை நீட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. நான் பயிற்சி அளித்த ஓர் இளைஞர் விரல்கவ்வியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உள்ளே ஏதாவது அனுப்புமா என்று கேட்டார். அதை என் விரலில் மாட்டி, என் துடிப்பைத் திரையில் காட்டினேன். பிறகு கழற்றி மேசைமேல் வைத்தேன், கோடு நின்றுபோனது. படிப்பது ஒளி மட்டுமே, பதிவு இந்தக் கணினியை விட்டு வெளியே போகாது, வேண்டாம் என்றால் இப்போதே அழித்துவிடலாம் என்று சொன்னேன். அன்று அவர் கருவியைத் தொட்டதோடு சரி. அடுத்த முறை தாமே மாட்டிக்கொண்டார். அந்தக் கேள்வியை நோயின் பேச்சு என்று ஒதுக்கியிருந்தால் பயிற்சி அங்கேயே முடிந்திருக்கும். உடலில் மாட்டும் எந்தக் கருவியைப் பற்றியும் எவரும் கேட்க உரிமையுள்ள கேள்வி அது. சிலருக்குத் திரையில் ஏறி இறங்கும் மூச்சு வழிகாட்டியே, கருவி தன் மூச்சை ஆட்டிவைக்கிறது என்ற எண்ணத்தைத் தருவதுண்டு. அப்போது வழிகாட்டியை அணைத்துவிட்டு, அவரே மனதுக்குள் எண்ணி மூச்சு விட, துடிப்புக் கோடு மட்டும் அவரைப் பின்தொடரட்டும்.

இந்த இடத்தில்தான், யாருடைய கையில் பயிற்சி இருக்கிறது என்று முதலில் சொன்னதன் காரணம் புரியும். சைக்கோசிஸ் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்பவற்றில் மிகக் கொடியது, தன் மனம் தன் வசம் இல்லை என்ற அனுபவம். எண்ணங்கள் தாமாக வருகின்றன, குரல்கள் கேட்காமலேயே பேசுகின்றன. பிறகு மருத்துவமனை, மாத்திரை, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற விசாரணைகள். அவருக்காக எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானிக்கும் மாதங்கள் அவை. அவ்வளவுக்கும் நடுவில், தான் மூச்சை நீட்டினால் கோடு இறங்குகிறது, அதைச் செய்வது தானே என்று கண்ணெதிரே காண்பது சிறிய வெற்றியாக இருந்தாலும் முழுக்க அவருக்கே உரிய வெற்றி. இந்தப் பயிற்சியின் பலனில் ஒரு பங்கு வேகஸ் நரம்பில் இருக்கிறதென்றால், இன்னொரு பங்கு இந்த அனுபவத்தில் இருக்கிறது என்றே நம்புகிறேன். காலையும் மாலையும் நீங்கள் அவர் கையைப் பிடித்துக் கருவியை மாட்டி, இன்றைக்கு எண் ஏன் குறைந்தது என்று கேட்டால், அந்தப் பங்கு முழுவதும் போய்விடும். அக்கறையால்தான் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் காதில் அது இன்னொரு கண்காணிப்பாகவே விழும்.

கைக்கடிகாரங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மணிக்கட்டில் அளக்கும் கருவிகள் ஓய்வாக, அசையாமல் இருக்கும்போது ஓரளவு சரியாக அளக்கின்றன. கை அசைந்தாலும், விரலும் மணிக்கட்டும் குளிர்ந்திருந்தாலும் பிழை கூடுகிறது. இடையில் ஒரு துடிப்பு முந்தி வந்தாலே துடிப்பு மாறுபாட்டு எண் பொய்யாக எகிறிவிடும். அவை காட்டும் மன அழுத்த மதிப்பெண், ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கணக்கில் செய்வது. அதைப் பார்த்து நோய் கூடுகிறதா குறைகிறதா என்று முடிவு செய்ய முடியாது. நாள் முழுவதும் மணிக்கட்டில் அதிர்ந்து, நீ பதற்றமாக இருக்கிறாய் என்று சொல்லும் அறிவிப்புகளைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். பயிற்சி நேரத்துக்கு மட்டும், காதுக் கவ்வியோ மார்புப் பட்டையோ கொண்டு அளப்பது போதுமானது. செயலி தேர்ந்தெடுக்கும்போது, பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் பார்க்க முடியும் என்பதை உங்கள் தம்பியே படித்துத் தெரிந்துகொண்டு சம்மதிக்கட்டும்.

சில வாரங்களில் கருவியின் தேவை தானாகவே குறைய வேண்டும். வெளியே நிற்கும் வேளையில் அவரிடம் திரை இருக்கப் போவதில்லை. மூச்சு மட்டும்தான் இருக்கும். எனவே முதலில் வீட்டில் அமைதியான வேளையில் கருவியோடு, பிறகு கருவியில்லாமல், பிறகு வாசலில் நின்றபடி, பிறகு தெருமுனை வரை நடக்கையில் நாலைந்து அடிக்கு ஒரு வெளிமூச்சு என்று படிப்படியாக நகர்த்தச் சொல்லி உளவியலாளரிடம் கேளுங்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாகச் செய்து பார்ப்பது பயன் தராது. அமைதியில் பழகியதுதான் நெருக்கடியில் கைகொடுக்கும். குரல் கேட்கும் வேளைகளில் மெல்ல முணுமுணுப்பதோ இசை முனகுவதோ சிலருக்கு ஆறுதல் தருகிறது; அதுவும் வெளிமூச்சை இயல்பாகவே நீட்டிவிடும். அவருக்கு அது பிடித்திருந்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

பலன் இருக்கிறதா என்று எதை வைத்து அறிவது? திரையின் எண்ணை வைத்து வேண்டாம். குரல்கள் நின்றனவா என்பதை வைத்தும் வேண்டாம். குரல் எத்தனை முறை கேட்கிறது என்பதும் அது எவ்வளவு வேதனை தருகிறது என்பதும் வேறுவேறு. முதலாவது மாறாமலேயே இரண்டாவது குறையலாம், அன்றாட வாழ்க்கைக்கு இரண்டாவதே பெரிது. பயம் வந்தபின் அடங்க எவ்வளவு நேரமாகிறது, இந்த வாரம் எத்தனை முறை வெளியே போனார், பாதியில் திரும்பினாரா, தூக்கம் எப்படி என்பவற்றை அவர் விரும்பினால் அவரே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். ஆறேழு வாரத்தில் இவற்றில் எதுவும் அசையவில்லை என்றால் பயிற்சியை விட்டுவிடுவதில் தவறில்லை. எல்லோருக்கும் எல்லாமும் பொருந்தாது. நடைப்பயிற்சியோ வேறு ஏதேனும் செயலோ அவருக்கு அதைவிட உதவக்கூடும்.

சிகிச்சையின் மற்றப் பகுதிகளின் நேரத்தை இது எடுத்துக்கொள்ளவும் கூடாது. தொடக்கநிலை சைக்கோசிஸுக்கான தனிச் சேவைகள், 1992-இல் மெல்போர்னில் பேட்ரிக் மெக்கோரி தலைமையில் தொடங்கிய மையத்தைத் தொடர்ந்து உலகின் பல பகுதிகளில் உருவானவை. அவை குறைந்த அளவில் பொருத்தமான மருந்து, சிந்தனை சார்ந்த உளச்சிகிச்சை, குடும்பத்துக்கான வழிகாட்டுதல், படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப உதவி ஆகியவற்றை ஒரே குழுவாகச் சேர்த்துத் தருகின்றன. அமெரிக்காவில் 404 பேரிடம் நடந்து, 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இத்தகைய கூட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட வாழ்க்கைத் தரத்திலும் அறிகுறிகளிலும் நன்கு தேறினார்கள்; நோய் தொடங்கிச் சீக்கிரமாகச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. மூச்சுப் பயிற்சி இந்தத் தூண்களில் ஒன்றல்ல. உளச்சிகிச்சை அமர்வுக்குள் பத்து நிமிடமாகவோ, வெளியே போகும் பயிற்சிக்கு முன்னேற்பாடாகவோ அமையும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது.

உங்கள் பங்குக்கு, பயிற்சியை அவருக்குச் செய்து வைக்காமல், நீங்களும் உங்களுக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் நடக்கும் குற்றம் கூறும் பேச்சும், பதற்றம் நிறைந்த சூழலும் நோய் திரும்புவதோடு தொடர்புடையவை என்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்டது. அக்காவின் மூச்சு நிதானமாக இருப்பது தம்பிக்கும் உதவும். ஒருவேளை அவர் சேர்ந்து செய்யலாமா என்று அழைத்தால் பக்கத்தில் அமர்ந்து செய்யுங்கள், திரையை அவரே பார்த்துக்கொள்ளட்டும். தூக்கம் இரண்டு, மூன்று இரவுகள் தொடர்ந்து கெட்டாலோ, குரல்கள் கட்டளையிடத் தொடங்கினாலோ, மாத்திரையை மறைத்து வைப்பது தெரிந்தாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு வந்தாலோ, அன்றைக்கு மூச்சுப் பயிற்சியைப் பற்றி நினைக்காமல் சிகிச்சைக் குழுவை உடனே அழையுங்கள். அந்த நாட்களில் யாரை, எந்த எண்ணில், இரவில் எங்கே தொடர்புகொள்வது என்பதை அவர் நன்றாக இருக்கும் இப்போதே நீங்களும் அவரும் உளவியலாளரும் உட்கார்ந்து, அவருடைய சம்மதத்தோடு எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த சந்திப்பில் உளவியலாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள், கருவி வாங்குவதைப் பற்றி அதற்கு அடுத்தபடியாகப் பேசலாம்.